அப்பாவின் இடுப்பில் ஒரு தீப்பெட்டி

மெல்பர்னிலிருந்து மூன்று வாரம் ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். வங்கியும் பத்திரப்பதிவும் வழக்கம்போல் இழுத்தடித்தன. அதை எழுதினால் பழைய புலம்பல்தான். புதிதாகப் பார்த்தது, அப்பாவின் நடையை அளந்த இடம்.

அப்பாவுக்கு 78 வயது. மார்கழியில் வாசற்படியில் ஒருமுறை தடுமாறினார். விழவில்லை, ஆனாலும் அம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. திருச்சி தில்லைநகரில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் நடைப் பரிசோதனை செய்கிறார்கள் என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். போனில் நேரம் வாங்கிக்கொண்டு போனால், நிலையம் முதல் மாடியில். லிஃப்ட் பழுது. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வரும் இடத்துக்கு இருபத்திரண்டு படிகள்! கைப்பிடியைப் பிடித்து ஏறி முடித்த அப்பா, "பரிசோதனைதான் முடிந்துவிட்டதே, திரும்பிவிடலாமா?" என்றார்.

தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை பெல்ட்டில் வைத்து அவருடைய முதுகின் அடிப்பகுதியில் கட்டினார்கள். கணுக்காலுக்கு மேல் இன்னும் இரண்டு. உள்ளே வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும், உடல் திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் இருக்கின்றன. உடலின் ஈர்ப்பு மையம் இடுப்பை ஒட்டியே இருப்பதால், ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஏறி இறங்குவதை வைத்து அடியின் நீளம், நேரம், இடவல வேறுபாடு எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம்.

உதவியாளர் பையன் அப்பாவை வெறுங்காலோடு, வழவழக்கும் டைல்ஸ் தரையில், நான்கு மீட்டர் தூரம் நடக்கவைத்தான். அதில் பாதி கிளம்புவதற்கும் நிற்பதற்கும் போய்விட்டது. நல்லவேளை, தெரபிஸ்ட் பெண் வந்து நிறுத்தினார். "அப்பா, செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதுபோல் நடங்கள்" என்று வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே பத்து மீட்டருக்குக் கோடு போட்டிருந்தது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு மீட்டர் கணக்கில் வராது. விடை: விநாடிக்கு 0.86 மீட்டர். தசை நலிவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் வகுத்த வரையறைப்படி, ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் அது மெதுவான நடை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்." அப்பா ஓய்வுபெற்ற தபால் அலுவலர். 93, 86, 79 என்று ஒரு பிழையில்லாமல் சொன்னார். ஆனால் 72 வரும்போது கால் நின்றுவிட்டது. சென்சார் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றார், அதற்கு முன் எந்த அடியிலிருந்து நடை குறுகியது என்பதை அதுதான் காட்டியது. 1997-இல் சுவீடனில் முதியோர் இல்லவாசிகளைக் கவனித்தவர்கள், பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்துகிறவர்களே அடுத்த ஆறு மாதங்களில் அதிகம் விழுந்தார்கள் என்று கண்டார்கள். அதற்கு அவர்களுக்குச் சென்சார் தேவைப்படவில்லை.

கட்டணம் 1,500 ரூபாய்; அதில் குறையில்லை. குறை அறிக்கையில்தான். முழுக்க ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மேலே பெரிய எழுத்தில் நடைத்திறன் 68 சதவீதம். எதில் 68 என்று கேட்டேன். மென்பொருள் தருகிறது என்றார்கள். திறன் என்பது குறைந்த சக்தியில் நடப்பது என்றால், ஒரு மீட்டர் நடக்க உடல் செலவழிக்கும் சக்தியை அளக்க முகமூடி மாட்டி மூச்சிலுள்ள ஆக்சிஜனைக் கணக்கெடுக்க வேண்டும். இடுப்புப் பெட்டி அதை ஊகிக்கத்தான் முடியும். அப்பாவோ பள்ளிக்கூடத்து மதிப்பெண் மாதிரி அதையே பிடித்துக்கொண்டு, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் "அறுபத்தெட்டா?" என்று கேட்டார். தெரபிஸ்ட் பெண் அறிக்கையின் பின்பக்கத்தில் தமிழில் கையால் எழுதிக்கொடுத்த நான்கு வரிப் பயிற்சிதான் இப்போது எங்கள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

வடக்குச் சித்திரை வீதியில் காலையில் அப்பாவோடு பால் வாங்கப் போகும்போது அம்மா இப்போது வாயே திறப்பதில்லை. பேச வேண்டியிருந்தால் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பேசுகிறார். பத்து நிமிட வழிக்கு அரைமணி நேரம் ஆகிறது.