மாலைதீவுக்குப் பொதி அனுப்பும் ஹட்டன் முகவர் நிலையம்: விதி சொல்வதில் நிறைவு, விலை எழுதுவதில் குறை

பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களிலிருந்து மாலைதீவின் உல்லாச விடுதிகளுக்கு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்குத் தேயிலைத் தூள், மிளகாய்த் தூள், பலகாரம், உடுப்பு என்று வீட்டிலிருந்து அனுப்ப விரும்புகிறவர்கள், ஹட்டன் நகரில் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் இயங்கும் பொதி முகவர் நிலையத்தையே பெரும்பாலும் நாடுகிறார்கள். நானும் என் தம்பிக்கு அங்கிருந்துதான் பொதி அனுப்பி வருகிறேன். அனுப்புகூலியையும் வேகத்தையும் விட, போய்ச் சேரும் நாட்டின் சுங்க விதிகளை இவர்கள் எவ்வளவு சரியாக எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன்.

மாலைதீவு மிகச் சிறிய நாடு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 5 இலட்சத்தைச் சற்றே தாண்டுவார்கள். நம் நுவரெலியா மாவட்டத்திலோ 2012ஆம் ஆண்டிலேயே 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். மீனைத் தவிர ஏறத்தாழ எல்லாமே வெளியிலிருந்து வரவேண்டிய நாடு என்பதால், அரசாங்கத்தின் வருமானத்துக்கும் மக்களின் பழக்கவழக்கங்களைக் காப்பதற்கும் சுங்கமே வாசற்கதவாக நிற்கிறது. அரிசி, மாவு, சீனி போன்ற அடிப்படை உணவுக்குத் தீர்வை இல்லை. அரசு குறைக்க நினைக்கும் பொருளுக்கோ தீர்வை கடுமையாக ஏறுகிறது: 2024 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான இறக்குமதித் தீர்வை 3 ரூபியாவிலிருந்து (ரூபியா அந்நாட்டு நாணயம்) 8 ரூபியாவாக உயர்ந்தது, அதே மாதத்தில் மின் சிகரெட்டுகளின் இறக்குமதி முற்றாகத் தடை செய்யப்பட்டது.

இந்த விதிகளை முகவர் நிலையத்துப் பணியாளர்கள் உண்மையாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். ஒட்டிக் கொண்டுவரும் பெட்டியை அவர்கள் ஏற்பதில்லை. நம் கண்முன்னே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துப் பார்த்த பிறகே கட்டுகிறார்கள். போதைப்பொருள் விடயத்தில் மாலைதீவுச் சட்டம் சிறிதும் இளகாது என்பதால், அடுத்த வீட்டார் கொடுத்தனுப்பும் சிறு பொட்டலத்தையும் பிரித்துப் பார்ப்பது நமக்கே பாதுகாப்பு. தூக்க மாத்திரையும் கடுமையான வலி நிவாரணியும் வைத்தியரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் பெட்டிக்குள் போவதில்லை.

எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, மகனுக்கென்று பலகாரத்தோடு உள்ளங்கையளவு பித்தளை முருகன் சிலை ஒன்றையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்ட மாலைதீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கிருந்த பெண் பணியாளர் சிலையை இரண்டு கையாலும் எடுத்து, "அம்மா, சாமிய வீட்டுலயே வச்சுக் கும்பிடுங்க, அங்க போனா சுங்கத்துல எடுத்துருவாங்க, தம்பிக்கும் கரைச்சலாகும்" என்று மெதுவாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் வாடினாலும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு சட்டத்தை இதைவிட மரியாதையாக விளக்க முடியாது. கிறிஸ்மஸ் காலத்தில் கேக் கொண்டுவருவோரிடம் அதில் பிராந்தி ஊற்றியிருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். மதுவும் பன்றி இறைச்சியும் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால் அந்தக் கேள்வி அவசியமானதே.

சுங்க வெளிப்படுத்தல் படிவத்தை நிரப்புவதிலும் பாதி வேலையை நன்றாகவே செய்கிறார்கள். "சாப்பாட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதாமல், கறுப்புத் தேயிலை, மிளகாய்த் தூள் என்று பொருளையும் நிறையையும் தனித்தனியே எழுதி, உலகெங்கும் சுங்கங்கள் பயன்படுத்தும் தலைப்பு எண்ணையும் பக்கத்தில் குறிக்கிறார்கள். தேயிலைக்கு 0902, மிளகாய்த் தூளுக்கு 0904. நம் மலையில் பறித்த கொழுந்து எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் 0902 என்றே அறியப்படுகிறது என்பதை அந்தப் படிவத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றப் பாதியில்தான் எனக்கு மனக்குறை. விலை எழுதும் இடத்துக்கு வந்ததும், "அன்பளிப்புன்னு போட்டு விலையக் குறைச்சு எழுதிருவோம், தீர்வை வராது" என்கிறார்கள். இது தவறான ஆலோசனை. அன்பளிப்பு என்று எழுதியிருந்தாலும், சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, எழுதிய விலையை ஏற்காமல் தாமே மதிப்பிட்டுத் தீர்வை விதிக்கலாம். அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர் வேலை விசாவில் அங்கே இருக்கும் நம் பிள்ளை. பொதி தொலைந்தாலும் படிவத்தில் உள்ள குறைந்த விலைக்கு மேல் நட்டஈடு கேட்க வழியில்லை. நான் கடைப் பற்றுச்சீட்டுகளைக் காட்டி உண்மை விலையை எழுதச் சொன்னேன். சற்றுத் தயங்கினாலும் எழுதினார்கள்.

தீர்வை எந்தத் தொகையின்மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை. மாலைதீவுச் சுங்கம் பொருளின் விலையோடு காப்புறுதியையும் அனுப்புகூலியையும் சேர்த்தே பெறுமதியாகக் கொள்கிறது. உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 8,000 ரூபாய் கூலி கொடுத்து விமானத்தில் அனுப்பினால், தீர்வை உள்ள பொருளுக்குக் கணக்கு 18,000 ரூபாயிலிருந்து தொடங்கும். பாரமான, விலை குறைந்த சாமானை விமானத்தில் அனுப்புவது இதனால் இரட்டிப்பு நட்டம். அடுத்ததாக, தலைநகர் மாலேயில் பொதியை விடுவிக்கும் கட்டணத்தையும், அங்கிருந்து வேலை செய்யும் தீவுக்குப் படகில் ஏற்றும் செலவையும் யார் கொடுப்பது என்று பற்றுச்சீட்டில் ஒரு வரியும் இல்லை. சம்பளத்துக்கு இன்னும் நாள் இருக்கும் போது இந்தச் செலவு திடீரென்று தலையில் விழுந்தால் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கூலி ஹட்டனிலுள்ள மற்ற இடங்களை விடச் சற்று அதிகம். பெட்டி நசுங்காமல் போகிறது.

தீபாவளிக்கு அனுப்ப நினைப்பவர்கள் கடைசி வாரம் வரை காத்திராமல், பொருள் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும், பெறுநரின் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதிய பெயரையும், அவர் வேலை செய்யும் தீவின் பெயரையும் கையோடு கொண்டு போங்கள். விடுவிப்புக் கட்டணம் யாருடையது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள்.