பிரிந்து போவதா, மிரட்டி வாங்குவதா? கார்ப் பந்தய அணிகளின் இரண்டு வழிகள்

2009 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை. வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் வீட்டில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த ஃபோர்முலா 1 பந்தயம் பார்க்கக் கூடியிருந்தோம். கார்கள் கிளம்பும் முன்னமே எங்களுக்குள் வாக்குவாதம் கிளம்பிவிட்டது. அந்த வாரம்தான் எட்டு அணிகள், அடுத்த வருடம் தங்களுக்கென்று தனிச் சம்பியன்ஷிப் நடத்தப் போவதாக அறிவித்திருந்தன. ஃபெராரி, மக்லாரன், ரெனோ, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ரெட் புல், டோரோ ரோசோ, அந்த வருடம் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்த பிரோன். "போகட்டும் அண்ணா, ஃபெராரி எங்கே ஓடுதோ அதுதான் ஃபோர்முலா 1" என்றான் எங்களில் இளையவன். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு பழைய உடைவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

சண்டை எதைப் பற்றியது என்பதை முதலில் பார்ப்போம். ஓர் அணி வருடத்துக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்றார் மக்ஸ் மோஸ்லி. ஃபோர்முலா 1 விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ என்ற அமைப்பின் அன்றைய தலைவர் அவர். வரம்பை ஏற்கும் அணிக்குத் தொழில்நுட்ப விதிகளில் சலுகை, ஏற்காத அணிக்கு இல்லை. பெரிய அணிகள் அப்போது அதைப்போலப் பல மடங்கு செலவழித்துக்கொண்டிருந்தன. ஒரே பாதையில் ஓடும் கார்களுக்கு இரண்டு சட்டமா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. கலந்து பேசாமல் விதியைக் கொண்டுவந்து தலையில் வைத்தார்கள் என்ற கோபமும் நியாயமானதுதான். ஆனால் நியாயம் இருந்தால் மட்டும் தனித் தொடர் நடத்திவிட முடியாது.

தனியே போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக முடிந்தவை.

முதலாவது 1979. ரோஜர் பென்ஸ்கி போன்ற அணி உரிமையாளர்கள், யூசாக் என்ற பழைய அமைப்பை விட்டு வெளியேறி கார்ட் என்ற தொடரைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற கார்ப் பந்தயம் இண்டியனாபோலிஸ் 500, சுருக்கமாக இண்டி 500. அந்த வருடம் அதற்குள் அவர்களை விட முடியாது என்றது யூசாக். அவர்கள் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கி வந்தார்கள். பென்ஸ்கியின் ஓட்டுநர் ரிக் மியர்ஸ்தான் அதில் வென்றார். அதன் பிறகு கார்ட் ஏறுமுகம்.

இரண்டாவது 1996. இந்த முறை பிரிந்தது பாதையின் சொந்தக்காரர். இண்டியனாபோலிஸை வைத்திருந்த டோனி ஜோர்ஜ், ஐஆர்எல் என்று தன் சொந்தத் தொடரைத் தொடங்கி, 500 பந்தயத்தின் 33 இடங்களில் 25 இடங்களைத் தன் தொடரில் ஓடுபவர்களுக்கே ஒதுக்கினார். கார்ட் அணிகள் ரோசப்பட்டு, அதே மே 26ஆம் திகதி மிஷிகனில் போட்டிப் பந்தயம் ஒன்றை வைத்தன. புகழ்பெற்ற ஓட்டுநர்கள், நல்ல கார்கள், பெரிய விளம்பரதாரர்கள் எல்லாம் மிஷிகனில். இண்டியனாபோலிஸில் ஓடியவர்களில் பாதிப்பேர் அந்தப் பந்தயத்துக்கே புதியவர்கள். காகிதத்தில் பார்த்தால் யார் வென்றிருக்க வேண்டும்?

மிஷிகனில் நடந்ததைக் கேளுங்கள். இண்டியைப் போலவே மும்மூன்றாக வரிசை கட்டி, பச்சைக்கொடியை நோக்கி வந்துகொண்டிருந்தன கார்கள். கொடி விழும் முன்பே முதல் வரிசையில் இருந்தவை உரசிக்கொண்டன. பின்னால் வந்தவையும் மோதி ஏறக்குறைய ஒரு டசின் கார்கள் நாசம். 'உலகின் சிறந்த ஓட்டுநர்கள் இங்கேதான்' என்று காட்ட வைத்த பந்தயம், மாற்றுக் கார்களை எடுத்துவந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஜிமி வாசர் வென்றார். ஆனால் சனங்களுக்குத் தெரிந்தது இண்டி 500தான். சில வருடத்தில் கார்ட்டின் பெரிய அணிகளே ஒவ்வொன்றாக இண்டிக்குத் திரும்பின. 2000இல் அங்கே வென்ற மொண்டோயா கார்ட்டின் நடப்புச் சம்பியன். 2003இல் கார்ட் நிறுவனம் திவாலானது. மிச்சமிருந்ததும் 2008இல் எதிர்த் தரப்போடு இணைந்தது. 12 வருடம் போயிருந்தது. அதற்குள் ரசிகர்களில் பெரும்பகுதி நாஸ்கார் என்ற வேறொரு அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரின் பக்கம் போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1979இல் பிரிந்தவர்கள் இண்டி 500ஐக் கைவிடவில்லை. 1996இல் கார்ட் அணிகள் கைவிட்டன. ஓட்டுநர்களின் தரம், கார்களின் வேகம், கையில் இருந்த பணம் எதுவுமே முடிவைத் தீர்மானிக்கவில்லை. பந்தயம் பார்க்காத வீட்டிலும் பெயர் தெரிந்த அந்த ஒரு பந்தயம் யார் கையில் என்பதுதான் தீர்மானித்தது.

அந்த அளவுகோலோடு 2009க்கு வருவோம். எட்டு அணிகளிடமும் கார் இருந்தது, பெயர் இருந்தது. தொலைக்காட்சி உரிமையும் சுற்றுப்பாதைகளுடனான ஒப்பந்தங்களும் ஃபோர்முலா 1இன் வணிகத்தை நடத்திய பேர்னி எக்கிள்ஸ்டன் தரப்பிடம் இருந்தன. அந்த வணிக உரிமையை எஃப்ஐஏ 100 வருடக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. அதாவது அணிகள் 1996இன் கார்ட் நின்ற இடத்தில்தான் நின்றன. அவர்களுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அறிவித்து ஒரு வாரம் முடியும் முன்னரே, ஜூன் 24ஆம் திகதி பாரிஸில் சமரசம் ஆயிற்று. வரம்பு போனது. மோஸ்லி மறுபடி தலைவர் பதவிக்கு நிற்பதில்லை என்றானது. அணிகளும் எஃப்ஐஏவும் வணிகத் தரப்பும் சேர்ந்து போடும் கொன்கோர்ட் ஒப்பந்தம், ஓகஸ்ட் முதலாம் திகதி புதிதாகக் கையெழுத்தானது. ஒரு கார் கூடத் தனியே ஓடாமல் கேட்டதில் பெரும்பகுதியை வாங்கிவிட்டார்கள்.

இந்த வழி புதிதல்ல. 1981 பெப்ரவரியில் எக்கிள்ஸ்டனும் மோஸ்லியும் அணிகள் பக்கம் நின்றபோது, தென்னாபிரிக்காவின் கியாலாமியில் தாங்களாகவே ஒரு பந்தயம் நடத்திக் காட்டினார்கள். ஃபெராரியும் ரெனோவும் போகவில்லை. அடுத்த மாதமே முதலாவது கொன்கோர்ட் ஒப்பந்தம் வந்தது. கியாலாமியில் வென்ற கார்லோஸ் ரொய்ட்மனுக்கு மட்டும் அந்த வெற்றி கணக்கில் சேரவில்லை. அந்த வருடச் சம்பியன் பட்டத்தை அவர் ஒரே ஒரு புள்ளியில் இழந்தார். அவருக்காக எனக்கு இன்றும் மனது பொறுக்கவில்லை.

ஆக, போவதா மிரட்டுவதா என்று கேட்டால் பெரிய அணிகளுக்கு மிரட்டல்தான் லாபம், சந்தேகமே இல்லை. சின்ன அணிகளின் கணக்கு வேறு. வில்லியம்ஸும் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவும் எஃப்ஐஏயின் 2010 தொடருக்குக் கையெழுத்துப் போட்டதால், அணிகளின் கூட்டமைப்பே அவர்களை இடைநிறுத்தியது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பந்தயமே பிழைப்பாக இருக்கிறவன் ஒரு வருடம் ஓடாமல் இருக்க முடியாது.

அவர்களையும் விட மோசமாக அடிபட்டது, செலவு வரம்பை நம்பி உள்ளே வந்த புதிய அணிகள். அவற்றில் ஒன்று எச்ஆர்டி. 2010இல் அந்த அணியின் ஓட்டுநர் சென்னைக்காரர் கருண் சந்தோக். பஹ்ரைனில் பயிற்சி ஓட்டங்கள் மூன்றும் முடிந்துவிட்டன, அவருடைய காரை இன்னும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கார் முதன்முதலாக ஓடியதே தகுதிச் சுற்றில்தான். அப்புறம் நம்முடைய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் இண்டியனாபோலிஸில் 14 கார்கள் டயர்ப் பிரச்சினையால் ஒதுங்க, மிச்சம் ஆறு கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தவர். அவரும் இதே எச்ஆர்டியில் 2011, 2012 இரண்டு வருடமும் அவுஸ்திரேலியாவில் தகுதி நேரத்தைத் தொட முடியாமல் பந்தய நாளில் வெளியே நின்றார். வரம்பு வரும் என்று வந்த அணி வரம்பில்லாத பணத்தோடு மோதினால் வேறு என்ன நடக்கும்?

பெரிய அணிகள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். 2009இல் உடைத்துக்கொண்டு போவோம் என்று எதிர்த்த அதே செலவு வரம்பு 2021இல் வந்தது, 14.5 கோடி டொலரில். ஃபெராரியும் மக்லாரனும் ரெட் புல்லும் ஏற்றுக்கொண்டு ஓடுகின்றன. தொகை பெரிது, கலந்து பேசி வந்த விதி, அதெல்லாம் சரி. ஆனால் நடுவில் 12 வருடம்.

2012 நவம்பரில் பிரேசில் பந்தயம். கொழும்பில் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது. வெட்டலா அலொன்சோவா சம்பியன் என்று வீடே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, நான் கடைசி வரிசையில் நரேனின் காரைத் தேடிக்கொண்டிருந்தேன். எச்ஆர்டிக்கு அதுதான் கடைசிப் பந்தயம். நரேனுக்கும் ஃபோர்முலா 1இல் அதுதான் கடைசி.