ஆல்-22: பந்தை விட்டு ஆளைப் பார்க்க ஒரு வழி

அமெரிக்கன் ஃபுட்பால் பொசிஷன்களின் பெயரை மனப்பாடம் செய்வது அரை மணி நேர வேலை. மேட்ச் தொடங்கியதும் அந்தப் பெயர்கள் யார் மேலும் ஒட்டாது, அதுதான் சிக்கல். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. சேஃப்டிகள் பந்து இருக்கும் கோட்டிலிருந்து 12, 15 யார்டு தள்ளி நிற்கும் டிஃபென்ஸ் (தடுக்கும் அணி) ஆட்கள். பல நேரம் ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) நடக்கும்போது அவர்கள் திரையிலேயே இருப்பதில்லை. வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் வைட் ரிசீவர் பத்து எட்டு வைத்து ஓடியதும் காணாமல் போவார், பந்து அவரைத் தேடிப் போனால்தான் மறுபடி தெரிவார். இப்படிப் பார்த்தால் ரிசீவரை மறிக்க ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக்குக்கும் சேஃப்டிக்கும் என்ன வித்தியாசம் என்று எத்தனை சீசன் ஆனாலும் பிடிபடாது.

இந்தக் குறைக்கு மருந்து ஆல்-22. களத்தில் இருக்கும் 22 பேரும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கப்படும் படம். பயிற்சியாளர்களுக்காக எடுப்பது, 2012-இல்தான் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) இதை ரசிகர்களுக்கும் சந்தாவில் திறந்துவிட்டது. இப்போது அமெரிக்காவில் என்எஃப்எல் பிளஸ் சந்தாவின் பிரீமியம் வகையில் கிடைக்கிறது. நேரலை கிடையாது, மேட்ச் முடிந்த பிறகுதான் வரும். வர்ணனை இல்லை, டிவி வரைந்து காட்டும் மஞ்சள் கோடு இல்லை, ஸ்கோர் பட்டையும் இல்லை. ஒவ்வொரு பிளேயும் (ஒரு ஸ்னாப்பில் தொடங்கி முடியும் ஆட்டத் துண்டு) இரண்டு கோணத்தில்: ஒன்று பக்கவாட்டு உயரத்திலிருந்து, மற்றது களத்தின் முனையான எண்ட் சோன் பின்னாலிருந்து. இடையில் ஆட்கள் கூடிப் பேசுவதெல்லாம் வெட்டப்பட்டிருப்பதால் நேரம் வீணாவதில்லை.

எல்லோரும் பக்கவாட்டுக் கோணத்தில் ஆரம்பிப்பார்கள். அது தப்பு. 22 எறும்புகள் சிதறுவதுபோலத் தெரியும், பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். எண்ட் சோன் கோணத்தில் தொடங்குங்கள். பந்து கையில் இருப்பவர் சென்டர். அவருக்கு இரு பக்கமும் ஒட்டி நிற்பவர்கள் கார்டுகள், அவர்களுக்கு அடுத்து டேக்கிள்கள். இந்த ஐந்து பேர் எந்த பிளேயிலும் பெரும்பாலும் மாறுவதில்லை என்பதால் இவர்களே உங்கள் அளவுகோல். 50 முதல் 79 வரை எண் போட்டவர்கள். நடுவரிடம் முன்கூட்டிச் சொன்னால் ஒழிய முன்னோக்கி வீசிய பந்தைப் பிடிக்க உரிமை இல்லாதவர்கள். டேக்கிளுக்கு வெளியே ஒட்டி ஒருவர் நின்றால் அவர் டைட் எண்ட்.

ஸ்னாப் ஆனதும் பந்தைப் பார்க்காதீர்கள். இந்த ஐந்து ஹெல்மெட்டைப் பாருங்கள். தலைகள் நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ் (பந்தை வீசுவது), தாழ்ந்து முன்னே முட்டினால் ரன் (பந்தோடு ஓடுவது). பாஸ் என்றால் இவர்கள் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது என்ற விதி இருப்பதால்தான் இந்தக் குறிப்பு நம்பகமானது. டிஃபென்ஸை ஏமாற்ற வேண்டுமென்றே ரன் போலத் தாழ்ந்து தொடங்கிப் பாஸ் வீசும் பிளே-ஆக்‌ஷனில் மட்டும் இது காலை வாரும். லெஃப்ட் டேக்கிளின் கால் அசைவை நாலு பிளே பார்த்தாலே அந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு என்று புரியும்: வலது கையால் பந்து வீசும் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குக் காவல் அவர்தான்.

பிறகு பக்கவாட்டுக் கோணம். ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி எண்ணுங்கள். ஒரு ரன்னிங் பேக் (குவார்ட்டர்பேக் அருகே நின்று பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் என்றால் அது '11 பெர்சனல்'. மிச்சம் மூன்று பேர் வைட் ரிசீவர்கள். '12' என்றால் ஒரு பேக், இரண்டு டைட் எண்ட். எதிரே கார்னர்களும் சேஃப்டிகளும் சேர்ந்து ஐந்து பேர் இருந்தால் நிக்கல், ஆறு என்றால் டைம் (dime). ஆழத்தில் நிற்கும் சேஃப்டி ஒருவரா இருவரா என்பதையும் குறித்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஸ்னாப் ஆனதும் ஒருவர் கீழே இறங்கி வந்தால் உங்களைப்போலவே குவார்ட்டர்பேக்கும் ஏமாந்திருப்பார்.

டிவியில் 'குவார்ட்டர்பேக் விழுந்தார்' என்பதோடு முடியும் ஒரு பிளே இதில் எப்படி விரிகிறது என்று பாருங்கள். டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவர் நடு இடைவெளியில் பாய்கிறார். ரன்னிங் பேக் அவரைத் தடுக்க முன்னே வரவேண்டும்; அவரோ வெளிப்புறம் வரும் டிஃபென்சிவ் எண்டைப் பார்க்கிறார், அங்கே டேக்கிள் ஏற்கெனவே இருக்கிறார். ஒருவரை இருவர் பிடிக்க, லைன்பேக்கர் சும்மா நுழைகிறார். பந்து கையில் வராத பிளேயிலும் ரன்னிங் பேக்குக்கு வேலை உண்டு என்பது இப்படித்தான் மனதில் பதியும்.

குறைகளும் உண்டு. உயரத்திலிருந்து எடுப்பதால் முதுகு எண் சரியாகத் தெரியாது. போன் திரையில் பார்ப்பது வீண். தெரிந்தாலும் எண்ணை வைத்துப் பொசிஷன் சொல்வது முன்போல் சுலபமில்லை. எந்தப் பொசிஷனுக்கு எந்த எண் என்ற விதியை 2021-இல் தளர்த்தினார்கள், 2023-இல் பூஜ்யம் என்ற எண்ணும் வந்தது. அணிப் பட்டியலோடு ஒப்பிட்டால் இன்னும் குழப்பம். என்எஃப்எல் வீரர்களில் டி.ஜே. வாட் பட்டியலில் அவுட்சைட் லைன்பேக்கர், மைல்ஸ் காரெட் டிஃபென்சிவ் எண்ட். படத்தில் இருவரும் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். டைட் எண்டான ட்ராவிஸ் கெல்சி பல பிளேயில் லைனை விட்டுத் தள்ளி, ஓர ரிசீவருக்கு உள்பக்கமான ஸ்லாட் ரிசீவர் இடத்தில் நிற்பார். பட்டியல் பெயரை மூடிவைத்துவிட்டு, நிற்கும் இடத்தையும் முதல் இரண்டு நொடி அசைவையும் நம்புங்கள்.

பெரிய குறை, யாருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்று படம் சொல்லாது. ரிசீவர் கார்னர்பேக்கைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டால் புதியவர்கள் கார்னரைத் திட்டுவார்கள். கவர் 2 (ஆழத்தை இரண்டு சேஃப்டிகள் பகிரும் அமைப்பு) என்றால் ஆழம் சேஃப்டியின் பொறுப்பு, கார்னர் விட்டதில் தப்பில்லை. கவர் 3 (ஆழத்தை மூவர் பகிர்வது) என்றால் அதே ஓட்டம் கார்னர் தலையில்தான் விடியும். ஸ்னாப் முடிந்து ஒரு நொடியில் நிறுத்தி கார்னரின் முகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். குவார்ட்டர்பேக்கை நோக்கி இருந்தால் பெரும்பாலும் சோன் (இடத்தைக் காப்பது). ரிசீவரையே ஒட்டிப் போனால் பெரும்பாலும் மேன் (ஆளைக் காப்பது).

விதிகளே தெரியாதவர்கள் முதலில் நாலைந்து மேட்சை டிவியிலேயே பாருங்கள், இதற்குச் சந்தா கட்ட வேண்டாம். தெரிந்தவர்கள், சீசன் நடக்கும்போது ஒரு மாதம் எடுத்தால் போதும். ஒரே டிரைவை, அதாவது ஒரு அணியின் கையில் பந்து இருக்கும் தொடர் பிளேக்களை, பொசிஷனுக்கு ஒருமுறையாகப் பார்க்க வேண்டும். முழு மேட்சையும் ஓடவிட்டால் ஒன்றும் நிற்காது.