மூன்று மாதம் மாத்திரை, மூன்று மாதம் ஊசி: மட்டக்களப்பில் நான் எடுத்த வைத்தியம்

கல்யாணம் முடித்து ஐந்து வருடம், பிள்ளை இல்லை. முதல் மூன்று வருடமும் சோதனை எல்லாம் என் மனைவிக்குத்தான். இரத்தம், ஸ்கேன், குழாய்க்குள் மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரே. மாமாங்கத்துக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் நேர்த்தி வைத்து வெறுங்காலோடு போனதும் அவள்தான். விந்துச் சோதனைக்கென்று ஒருவர்கூட என் கையில் ஒரு போத்தலைத் தரவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். ஆளுக்கு ஆள் முகம் தெரிந்த ஊர் என்பதால் இடங்களின் பெயரைச் சொல்லவில்லை.

நகரில் ஒரு தனியார் இடத்தில் டொக்டரைப் பார்க்க நேரம் பதிந்து (சனல் பண்ணி) போனோம். டொக்டர் மனைவியின் பைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்கட ரிப்போட் எங்க?" அந்த ஒரு கேள்விக்கே கொடுத்த காசு சரி.

லெப் அனுபவம் மோசம். இரத்தம் கொடுக்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, உள்தாழ்ப்பாள் இல்லை. வீட்டில் எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வர வேண்டும், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். போத்தலைச் சட்டைக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் பைக் ஓட்டினேன். ஒபிஸ் நேரம், முன்னால் பஸ். ஒரு கையைத் தூக்கவும் பயம். முடிவு: மில்லி லீட்டருக்கு 6 மில்லியன் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் குறைந்த எல்லை 16 மில்லியன். ஒரு டெஸ்டை வைத்து முடிவு எடுக்கக்கூடாது என்று சில கிழமை கழித்து இரண்டாவதும் எடுத்தார்கள், 7.

அப்புறம் கையால் பரிசோதனை, ஸ்கேன், காலையில் எடுத்த ஹோமோன் டெஸ்ட். விதைப்பையில் நரம்பு (இரத்தக் குழாய்) வீக்கம் இல்லை, எல்லாம் சரி. "காரணம் தெரியல்ல" என்று டொக்டர் நேராகச் சொன்னார். ஜிம்முக்குப் போவீர்களா, ஊசி ஏதும் போடுவீர்களா என்றும் கேட்டார். இதைத் தம்பிமார் கவனிக்க வேண்டும்: உடம்பு ஏற்றப் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். அது ஆண்மைக்கு மருந்து இல்லை.

முதலில் குளோமிபீன் மாத்திரை 25 மில்லிகிராம், தினம் ஒன்று. நான் வயல்காரன் மகன் என்று தெரிந்து டொக்டர் இப்படி விளக்கினார்: வயலில் தண்ணீர் போதும் என்று, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டை விதானைக்குச் செய்தி போனால் அவர் கதவை இறக்குவார். இந்த மாத்திரை அந்தச் செய்தியை மறிக்கும். விதானை இன்னும் தண்ணீர் காணாது என்று நினைத்துக் கதவை உயர்த்துவார். மூளையில் நடப்பதும் அதுதான்: ஹோமோன் காணாது என்று நினைத்து, விந்தணுவைத் தூண்டுகிற ஹோமோனைக் கூட்டும். விந்தணு உருவாகி முடிய 70 நாளுக்கு மேல் ஆவதால் மூன்று மாதம் முடிய முதல் டெஸ்ட் எடுப்பது வீண்காசு.

இது பெண்களுக்கென்று வந்த மருந்து. பெட்டிக்குள் இருக்கிற தாளிலும் பெண்களைப் பற்றித்தான் எழுதியிருக்கும். ஒரு பாமசியில் "மனிசிக்கா?" என்று கடை நிறைந்த ஆட்களுக்கு முன் சத்தமாகக் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கடைக்காரர் துண்டைப் பார்த்து, பேசாமல் உறையில் போட்டுத் தந்தார். அங்கேதான் இன்றுவரை வாங்குகிறேன். பார்வை மங்கினால் உடனே நிறுத்தி வரச் சொன்னார் டொக்டர். எனக்குத் தலையிடி மட்டும்தான். முடிவில் 9 மில்லியன்.

பிறகு எப்.எஸ்.எச். ஊசி (விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிற ஹோமோன்), ஒன்றுவிட்டு ஒரு நாள். மாதக் கணக்கு என் சம்பளத்தைத் தாண்டியது. வாங்க முதலே டொக்டர் உள்ளதைச் சொன்னார்: 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கிற கொக்ரேன் என்ற அமைப்பு பார்த்த ஆய்வுகளில் ஊசி போட்டவர்களின் மனைவிமாரில் 16 சதவீதமும் போடாதவர்களின் மனைவிமாரில் 7 சதவீதமும் இயற்கையாகக் கருத்தரித்தார்கள். ஆய்வுகள் சிறியவை, உத்தரவாதம் இல்லை. யோசித்துத்தான் சம்மதித்தேன்.

ஊசியை அந்தப் பாமசிக்காரர் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து, மருந்து ஐஸில் முட்டாமல் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். எங்கள் மாமி, இன்னும் குளிர்ந்தால் நல்லது என்று ஒரு நாள் ஒன்றை எடுத்து மீனோடு பிரீசரில் வைத்துவிட்டா. உறைந்த மருந்து உதவாது, எறிந்தோம். மாமி அன்று சாப்பிடவில்லை. "இவ்வளவு நாளும் என்ர பிள்ளையைத்தானே குறை சொன்னன்" என்று அழுதா.

இப்போது 13 மில்லியன். இன்னும் கரு தங்கவில்லை. மனைவிக்கு 33 வயது, மருந்தை மட்டும் நம்பி நாள் கடத்த வேண்டாம் என்று டொக்டர் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். இந்த மருந்து பலிக்கும் என்று நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் புருஷனையும் முதல் நாளே சோதிக்கிற, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற இடத்தைத் தேடிப் போங்கள்.

லெப்பில் அந்தக் கதவைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். போன கிழமை போனபோது புதுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.