பாமாவோட 'கருக்கு': வாய்விட்டுப் படிங்க

ரொம்ப நாளா வாங்கணும் வாங்கணும்னு இருந்து போன மாசம்தான் ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். பார்சல் வந்த லட்சணம், அட்டை முனையெல்லாம் மடங்கி, நடுவுல ரெண்டு தாள் பைண்டிங் விட்டு கையோட வந்துருச்சு. கடைக்கு ரெண்டு ஸ்டார்தான். புத்தகத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு.

1992ல வந்த புத்தகம், பாமா தன்னோட வாழ்க்கையத் தானே எழுதுனது. ஒரு தலித் கிறிஸ்தவ குடும்பத்துல பொறந்து, படிச்சு டீச்சராகி, கன்னியாஸ்திரியாவும் ஆகி, மடத்துக்குள்ளயும் சாதி உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு வெளிய வந்தவங்க பாமா. பனை மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. வெறகு பொறுக்கப் போன எடத்துல அது ஒடம்பக் கீறுனத முன்னுரைலயே சொல்லிடுறாங்க.

சின்ன வயசுல அவங்க பாத்த ஒரு காட்சி இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவங்க தெரு பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்த நூலப் புடிச்சு தொங்கவிட்டே கொண்டு வர்றாரு, கை பொட்டலத்துல படவே இல்ல, கொண்டு போயி மேல்சாதிக்காரரான நாய்க்கர்கிட்ட குனிஞ்சு நீட்டுறாரு. பாமாவுக்கு சிரிப்பா வருது. வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா, அவர் சிரிக்கல, இவரு தொட்டா தீட்டுன்னுதான் அப்டின்னு வெளக்குறாரு. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு சிரிப்பு வருமா?

முதல்ல எனக்கு கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு, ஏன்னா வருஷ வரிசையா சொல்லாம முன்னயும் பின்னயும் போயிப் போயி வர்றாங்க, சொன்னதயே திரும்பவும் சொல்றாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் அம்மாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன் பாருங்க, அப்பதான் புடிபட்டுச்சு, இது திண்ணைல உக்காந்து பேசுற பேச்சு, இலக்கணத்துக்கு இங்க என்ன வேல? "நம்ம பேசுற மாதிரியே இருக்கு, இப்டியெல்லாமா புத்தகத்துல போடுவாக"ன்னு அம்மா கேட்டாங்க. பாமாவோட பாட்டிக்கு நாய்க்கர் வீட்டுல தண்ணிய ஒசரத்துல இருந்து ஊத்த, பாட்டி ரெண்டு கையையும் குவிச்சுக் குடிக்கிற எடம் வந்ததும், "எங்கம்மாவுக்கும் களையெடுக்கப் போன எடத்துல அப்டித்தான் ஊத்துனாக"ன்னாங்க. இத்தன வருஷத்துல என்கிட்ட இத அவங்க சொன்னதே இல்ல.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் பண்ண இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் புத்தக விருது வாங்குனது, காலேஜ்ல பாடமாவும் வைக்கிறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா தமிழ் தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு இத தமிழ்லயே படிங்க, முடிஞ்சா வீட்டுல பெரியவங்க பக்கத்துல உக்காந்து படிங்க.

கழண்ட தாள ஃபெவிகால் வச்சு ஒட்டிட்டேன். சித்தி கேட்டுருக்காங்க, ஞாயித்துக்கிழம கொண்டு போயிக் குடுக்கணும்.