கெ கென் டாங் பவுடர்: குளுருக்கு கேக்குதா?

ஆம்பூர் ஷூ கம்பெனில வேலை செய்யற மச்சான் சீனாவுல குவாங்சோ போய்ட்டு வரும்போது ஒரு மூலிகை பவுடர் டப்பா கொண்டாந்தான், பேரு கெ கென் டாங், ஜப்பான்ல இதையே கக்கொன்டோன்னு மெடிக்கல்லயே விக்கறாங்க. சளி புடிக்கறதுக்கு முன்னாடி கழுத்து வலிச்சிகினு குளுரும் பாருங்க, அந்த ஸ்டேஜுக்கானது. மார்கழில காட்பாடி பக்கம் பல்லு தந்தியடிக்கற டைம்ல சுடுதண்ணில கலக்கி குடிச்சேன், அதிமதுர தித்திப்பு தூக்கல், பின்னாடியே பட்டை வாசனை, ருசி ஓகே. கொஞ்ச நேரத்துல ஒடம்பு சூடாகி லேசா வேர்த்துச்சு, ஆனா அது சுடுதண்ணிக்கும் போர்வைக்கும் கூட வேர்க்கும்ல.

சுமார் 1,800 வருஷம் முன்னாடி ஜாங் ஜோங்ஜிங்னு ஒரு சீன வைத்தியர் எழுதி வெச்ச கஷாயம் இது. பட்டை, இஞ்சி, அதிமதுரம், இலந்தை, பியோனிங்கற பூச்செடியோட வேர், குட்ஸுங்கற கொடியோட கிழங்கு, மா ஹுவாங்ங்கற செடி, மொத்தம் ஏழு. போத்திக்கினு லேசா வேர்க்க விடணும்னு அவரே சொல்லியிருக்கார், நம்ம ஆயா சுக்கு கஷாயம் குடுத்துட்டு சொல்றதும் அதான்.

சரி, ஆதாரம் இன்னா இருக்கு? 2014ல வந்த ஒரு ஜப்பான் ஆய்வுல சுமார் 400 பேர், சளி ஆரம்பிச்ச உடனே பாதி பேருக்கு இது, மீதி பேருக்கு மெடிக்கல்ல விக்கற சாதா சளி மாத்திரை. சளி முத்துனவங்க ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். சும்மா டம்மி மருந்து குடுத்த குரூப்பே இல்ல, அதனால மாத்திரை அளவுக்கு கேக்குதுன்னும் சொல்ல முடியாது, ரெண்டுமே வேஸ்ட்டா கூட இருக்கலாம். சளிக்கான சீன மூலிகைங்க மேல நடந்த டெஸ்ட்ட எல்லாம் காக்ரேன்னு மருத்துவ ஆய்வுங்கள தொகுத்து எடை போடற அமைப்புக்காரங்க அலசிட்டு, டெஸ்ட்டே தரமா இல்லன்னுட்டாங்க.

எனக்கு உறுத்துறது அந்த மா ஹுவாங் தான். அதுல எஃபெட்ரின் கீது, பீபி ஏத்தும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அமெரிக்கால 2004ல இத போட்ட சப்ளிமென்ட்ட தடை பண்ணாங்க. அதிமதுரமும் அதிகமானா பீபி ஏத்தும். அதனால மாமியார் கேட்டும் குடுக்கல, மூஞ்ச தூக்கினு போனாங்க. ஓசில வந்ததால 5க்கு 2 ஸ்டார், துட்டு குடுத்து வாங்கறதா இருந்தா 1.

இன்னொண்ணு, நம்ம வேலூர் பக்கம் மழை முடிஞ்சு பனி ஆரம்பிக்கறப்போ குளிர் காய்ச்சல்னா ஸ்க்ரப் டைஃபஸா கூட இருக்கலாம், புதர்ல இருக்கற பொடி பூச்சி கடிச்சு வர்றது. அக்குள், இடுப்பு மடிப்புல கருப்பா பொருக்கு இருக்கான்னு பாருங்க, இல்லன்னாலும் காய்ச்சல் விடலன்னா ரத்த டெஸ்ட் குடுத்துடுங்க. சீக்கிரம் கண்டுபுடிச்சா டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக்லயே அடங்கிடும், லேட் பண்ணா நுரையீரல், கிட்னி வரைக்கும் போகும்.