எக்ஸ்பாக்ஸோடு டிவி ட்யூனர் சேர்த்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்

லண்டனில் இருப்பவர்கள் கவனிக்கவும். ஈஸ்ட் ஹாம் பக்கம் பழைய கேம் கன்சோல் விற்கும் ஒரு கடையில் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸையும், ஆன்டெனா சேனல்களைக் கன்சோலில் காட்டும் டிவி ட்யூனர் ஒன்றையும் ஒரே விலைக்குச் சேர்த்து விற்கிறார்கள். டிவியில் பிள்ளைகள் கேம் விளையாடலாம், அதே நேரம் நேரலை சேனலை மொபைலிலோ டேப்லெட்டிலோ பார்க்கலாம் என்கிறார்கள். சுத்தப் பொய். அந்த ட்யூனர் சீரீஸ் எஸ்ஸில் வேலையே செய்யாது.

ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். விம்பிள்டன் என்றால் அவருக்கு உயிர். எங்கள் வீட்டில் ஆன்டெனா இணைப்பு ஹாலில் மட்டும்தான். அவர் தன் அறையில் நிம்மதியாக மேட்ச் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினோம். கடைக்காரர் தன் மொபைலில் பிபிசி ஓடுவதைக்கூடக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து ஆன்டெனா வயரை ட்யூனரில் மாட்டி, யூஎஸ்பியை கன்சோலில் சொருகினால் ஒரு அசைவும் இல்லை. சேனல் தேடும் மெனுவே கிடையாது. அப்புறம் பெட்டியைப் பார்த்தோம். 'எக்ஸ்பாக்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'சீரீஸ் எக்ஸ்/எஸ்' என்று ஒரு ஸ்டிக்கர், ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் 'ஒன்' என்று அச்சு. அதாவது, முந்தைய மாடலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கான ட்யூனர். தெரிந்தே ஒட்டியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ட்யூனர் போலி இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக மைக்ரோசாஃப்ட் 2014ல் பிரிட்டனில் 24.99 பவுண்டுக்கு விற்ற நல்ல பொருள். ஆன்டெனாவில் இலவசமாக வரும் ஃப்ரீவியூ சேனல்கள் தெரியும், நேரலையை அரை மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம், ஸ்மார்ட்கிளாஸ் ஆப் வழியாக வீட்டு வைஃபையில் மொபைலுக்கும் படம் போகும். ஆனால் 2020ல் வந்த சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டிலும் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். செட்டாப் பாக்ஸை மாட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் இருந்த ஹெச்டிஎம்ஐ உள்ளீடும் இவற்றில் இல்லை. ஸ்மார்ட்கிளாஸும் இப்போது கிடையாது.

திருப்பிக் கொண்டுபோனால், "பழைய சாமானுக்கு ரீஃபண்ட் இல்லை" என்று சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். அந்த போர்டு சட்டப்படி செல்லாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். சொன்னபடி பொருள் இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இதைச் சொன்னதும், ட்யூனருக்கு மட்டும் பத்து பவுண்டு தருகிறேன் என்று பேரம் பேசினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விலை நூறு பவுண்டுக்கு மேல், கொடுத்தது கிரெடிட் கார்டில். அதனால் கார்டு நிறுவனத்திடம் நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75ன்கீழ் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது, ஸ்டிக்கர் உரித்த பெட்டியின் படம், கடையின் விளம்பரப் படம் எல்லாம் இணைத்தாயிற்று.

இதே கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடமும் சொல்லிவையுங்கள். டேப்லெட்டில் விம்பிள்டன் பார்க்க பிபிசியின் ஐபிளேயர் ஆப்பே போதும். டிவி லைசென்ஸ் இருந்தால் அதற்குத் தனியாகக் காசு கிடையாது.